காக்ஸ்வெல் தெருவிலிருந்து கொலம்பஸ் வரை

டொரண்டோவில் காக்ஸ்வெல் ரயில் நிலையத்தில் இறங்கி, அதே பெயருள்ள தெருவில் வடக்கே நடந்தால் கால் மணி நேரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வரும். அதன் அக்கம்பக்கத்தில்தான் பர்த்ரைட் இன்டர்நேஷனலின் தலைமை அலுவலகம். எதிர்பாராமல் கர்ப்பமான பெண் கருவைக் கலைக்காமல் பெற்றெடுக்க உதவுவதற்கென்றே எழுந்த அமைப்பு. வட அமெரிக்காவில் இவ்வகையில் மூத்தவற்றுள் ஒன்று. பல நாட்டுக் கிளைகளுக்குத் தலைமை என்று படித்துவிட்டுப் போகிறவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பூங்கொத்தும் பலூனுமாக விரைகிறவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர் நடைபாதையில் நின்று நான் ஒருத்திதான் வெறித்துக்கொண்டிருந்தேன்.

1968 அக்டோபரில் இதைத் தொடங்கியவர் லூயிஸ் சம்மர்ஹில். ஏழு பிள்ளைகளின் தாய், கத்தோலிக்கர். கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்துவது பற்றிக் கனடாவில் பேச்சு நடந்த காலம் அது. மறு வருடமே அதற்கான மசோதா நிறைவேறியது. ஆஸ்பத்திரி மருத்துவர் குழு சம்மதித்தால் கலைக்கலாம் என்றானது. சட்டத்தை எதிர்த்துக் கொடி பிடித்தவர்கள் நிறையப் பேர். சம்மர்ஹில் போன வழி வேறு. ஒரு தொலைபேசி, சில தன்னார்வப் பெண்கள். கூப்பிடுகிறவளிடம் பேசுவது, தங்க இடம் பார்த்துக் கொடுப்பது, டாக்டரிடம் அனுப்புவது, குழந்தைத் துணி சேர்த்துக் கொடுப்பது. அவர் வகுத்த சாசனம் இன்றும் அந்த அமைப்பைக் கட்டுப்படுத்துகிறது. அரசியல் செய்யக் கூடாது, பொது விவாதத்துக்குப் போகக் கூடாது, மதப் பிரசாரம் கூடாது, காசு வாங்கக் கூடாது. கருக்கலைப்புக்கு வழிகாட்டுவதில்லை என்பதும் அதே கண்டிப்போடு உண்டு.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஊழியம் என்றால் மைக்கும் துண்டுப் பிரசுரமும் இல்லாமல் கற்பனை செய்ய எனக்குக் கொஞ்சம் சிரமம். பிரசங்கம் செய்யாத ஊழியம் என்பதே என்னை அந்தத் தெருவரை இழுத்தது.

சம்மர்ஹில்லின் காரியம் எவ்வளவு புதிது என்பது அதற்கு முந்திய காலத்தைப் பார்த்தால் தெரியும். கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்ணுக்குச் சபைகள் நடத்திய விடுதிகள் அதற்கு முன்பும் உண்டு. சால்வேஷன் ஆர்மி நடத்தியது, கத்தோலிக்கக் கன்னியர் நடத்தினர், புராட்டஸ்டன்ட் சபைகளும் நடத்தின. ஊருக்குத் தெரியாமல் பெண்ணைக் கொண்டுபோய் விடுவார்கள். பிள்ளை பிறந்ததும் அது தத்துக்குப் போகும், பெண் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவாள். சம்மதம் கேட்டார்களா என்றால், கேட்ட மாதிரி ஒரு கையெழுத்து இருக்கும். கனடா செனட் குழு 2018இல் இதை விசாரித்து, இது நம் வெட்கம் என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்டு அறிக்கை கொடுத்தது. அமெரிக்காவில் அதே தலைமுறைப் பெண்களின் வாய்மொழிகளைத் தொகுத்து ஆன் ஃபெஸ்லர் 2006இல் ஒரு புத்தகம் போட்டார். ஒளித்து வைக்கும் அந்த வீடுகளோடு ஒப்பிட்டால், வா, உட்கார், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் ஒரு முன்னறை பெரிய மாற்றம்தான்.

ஸ்கார்பரோவில் நான் தங்கியிருந்த வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். டொரண்டோ ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எங்கே போய் வந்தேன் என்று சொன்னதும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அதையோ பாக்கப் போனனீங்கள்? நான் எத்தினை வருசம் உந்தத் தெருவாலை போய் வந்திருப்பன், அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது. இஞ்சை பிள்ளைப்பெறுவுக்கு ஆரும் காசு கட்டுறேல்லை. அதுக்குப் பிறகு ஒரு வருசம் வீட்டிலை இருக்கலாம், சம்பளத்திலை அரைவாசிக்குக் கிட்ட வரும். பிறகு ஆருக்கு உந்தச் சனத்தின்ரை உதவி வேணும்?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே திருத்திக்கொண்டார். "ஸ்டூடன்ற் விசாவிலை வந்த பிள்ளையளுக்கு ஹெல்த் காட் இல்லை. அதுகள் போகுங்கள் போலை."

பயணம் முழுக்க அக்காவின் கேள்வி கூடவே வந்தது. கனடாவிலும் இத்தகைய மையங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் டொரண்டோவில் பிறந்த பர்த்ரைட்டின் கிளைகளில் பெரும்பாலானவை எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில். விதை விழுந்தது ஓரிடம், காடானது வேறிடம்.

அக்காவின் மகன் லாரித் தொழிலில் இருப்பவர். டொலீடோவரை சரக்கு விஷயமாகப் போக வேண்டியிருந்தது, காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். 401ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே, லண்டன், சாத்தம் தாண்டி விண்ட்சர்வரை ஏறக்குறைய 370 கிலோமீட்டர். சாத்தமுக்குப் பிறகு நிலம் தோசைக்கல் மாதிரி தட்டை. எல்லையில் அம்பாசடர் பாலம், 1929இல் திறந்தது. முன்னும் பின்னும் கனரக லாரிகள் நெருக்க, நடுவில் எங்கள் கார் அட்டைப்பெட்டிபோல ஊர்ந்தது. அதிகாரி எங்கே போகிறாய் என்றார். கொலம்பஸில் சொந்தக்காரர் வீட்டுக்கு என்றேன். அதுவும் உண்மைதான். ஒருமுறை வேலை போய்த் திண்டாடிய சொந்தக்காரர் வீடு என்பதை மட்டும் சொல்லவில்லை.

பாலம் இறங்கியதும் சில விஷயங்கள் மாறிவிடுகின்றன. 1971இல் கனடா சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பைத் தொடங்கியது. அப்போது 15 வாரம், பின்னால் பெற்றோர் விடுப்பும் சேர்ந்து ஒரு வருடமானது. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான சட்டம் 1993இல்தான் வந்தது. 12 வாரம், சம்பளம் கிடையாது, சிறிய கம்பெனிகளுக்குப் பொருந்தவும் பொருந்தாது. ஏழைகளுக்கு மெடிகெய்ட் உண்டு, நாட்டின் பிரசவங்களில் பத்துக்கு நான்கு அதன் செலவில்தான் நடக்கின்றன. மற்றவர்கள் கம்பெனி இன்சூரன்ஸை நம்பி இருக்கிறார்கள்.

மன்ரோ தாண்டியதுமே நெடுஞ்சாலை ஓரத்தில் அந்தப் பெரிய போர்டுகள் ஆரம்பித்தன. சிரிக்கும் குழந்தை முகம், இத்தனையாவது நாளில் எனக்கு இதயத் துடிப்பு வந்துவிட்டது என்ற வாசகம், கீழே ஒரு தொலைபேசி எண். ஒன்று விபத்து வக்கீல், அடுத்தது குழந்தை, அடுத்தது மறுபடி வக்கீல்.

டொலீடோ கண்ணாடித் தொழிலுக்கும் ஜீப் தொழிற்சாலைக்கும் பேர்போன ஊர். மாமி ஆறு ஏரி ஏரியில் கலக்கும் இடம். (ஏரிக்கே ஏரி என்று பெயர் வைத்தவர்களை என்ன செய்வது.) 1971இல் இந்த ஊரிலிருந்துதான் அமெரிக்கா முழுவதும் தனித்தனியாக முளைத்திருந்த உதவி மையங்களை ஒரு வலைக்குள் கொண்டுவரும் வேலை தொடங்கியது. ஜான் ஹில்லபிராண்ட் இந்த ஊர் மகப்பேறு மருத்துவர். லோரே மேயர் போரின் அழிவை ஜெர்மனியில் கண்டு பிழைத்து அமெரிக்கா வந்தவர். பவுலா வாண்டிகீர் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த கன்னியர், சமூகப் பணியாளர். அதைத் தொடங்கிய மூவர் இவர்கள். அந்தத் தொடக்க வருடங்களில் இது பெரும்பாலும் கத்தோலிக்கர் வேலையாகத்தான் இருந்தது. புராட்டஸ்டன்ட்களான சதர்ன் பாப்டிஸ்டுகள் அதே 1971இல் கூடி, சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டவர்கள். இன்றைக்கு அதை அவர்கள் சபையில் வாசித்தால் வாசித்தவரை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

1973 ஜனவரியில் கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ வழக்கின் தீர்ப்பு வந்தது. அதற்கப்புறம் சில வருடங்களில் சுவிசேஷ சபைகளும் உள்ளே இறங்கின. 1975இல் ஹரால்ட் பிரவுன், எவரெட் கூப் போன்றவர்கள் சேர்ந்து தொடங்கிய கிறிஸ்டியன் ஆக்ஷன் கவுன்சில் முதலில் வாஷிங்டனில் சட்டத்துக்காக வாதாடியது. 1980களில் மையங்கள் திறக்க ஆரம்பித்தது. இன்று அது கேர் நெட். சம்மர்ஹில் முன்னறையோடு நிறுத்திக்கொண்டார். இவர்கள் சட்டசபையிலிருந்து முன்னறைக்கு வந்தவர்கள். அந்த வேறுபாடு இன்றுவரை மறையவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டொலீடோவிலிருந்து கொலம்பஸுக்குப் போக என் சொந்தக்காரரே வந்து அழைத்துக்கொண்டார். ஃபிண்ட்லே வழியாக இறங்கி 23ஆம் எண் சாலையைப் பிடித்தால் இரண்டு பக்கமும் சோளம், சோயா, மறுபடி சோளம். இடையிடையே தானியக் கிடங்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒரு சர்ச்சுமாகச் சிறு ஊர்கள். அவற்றில் ஒன்றில் உள்ள மையத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தேன். எழுதுகிறவள் என்று சொல்லித்தான் கேட்டேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் கதவைத் திறந்தார். கதவில் கேமரா. 2022இல் ரோ தீர்ப்பு ரத்தான கோடையில் சில ஊர்களில் இப்படிப்பட்ட மையங்களுக்குத் தீ வைத்தார்கள், கண்ணாடியை உடைத்தார்கள். அதற்கப்புறம் போட்டது என்றார்.

முன்னறையில் சோபா, டிஷ்யூ பெட்டி, சுவரில் ஒரு வேத வசனம். பக்கத்து அறையில் மேசைமேல் பத்து வாரம், பன்னிரண்டு வாரம் என்று உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் சிசு உருவங்கள். அடுத்தது ஸ்கேன் அறை. படுக்கைக்கு எதிரே சுவரில் நம்மூர் வரவேற்பறை டிவி அளவுக்குத் திரை, படுத்திருப்பவள் பார்ப்பதற்காக. ஸ்கேன் சென்டர் என்றாலே பாலினம் கூறுவது குற்றம் என்ற போர்டைத் தேடும் கண் எனக்கு. நம் நாட்டில் திரையைத் தாய்க்குக் காட்டுவதில் சட்டத்துக்கு அத்தனை பயம் இருக்க, இங்கே திரையைக் காட்டுவதுதான் முழு நோக்கமும்.

ஸ்கேன் இங்கே எப்படி வந்தது என்பதில் இந்த ஊழியத்தின் வளர்ச்சிக் கதை பாதி இருக்கிறது. சம்மர்ஹில் காலத்தில் கர்ப்பமா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே டாக்டரிடம் போக வேண்டும். இலவசப் பரிசோதனை என்று போர்டு வைத்தால் பெண்கள் வருவார்கள். 1970களின் கடைசியில் பரிசோதனைக் கிட் மருந்துக் கடையில் கிடைக்க ஆரம்பித்தது. இன்று டாலர் கடையிலேயே கிடைக்கிறது. பழைய போர்டின் இழுப்பு போய்விட்டது. அந்த இடத்தை ஸ்கேன் பிடித்துக்கொண்டது. 2004இல் ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி, 2009இல் நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்று பெரிய அமைப்புகள் கருவி வாங்கப் பணம் கொடுத்தன. நர்ஸ் வந்தார், மேற்பார்வைக்கு டாக்டர் வந்தார், பெயர்ப்பலகையில் கிளினிக் என்ற சொல் வந்தது. இன்று நாடு முழுவதும் சுமார் 2,500 மையங்கள். கருக்கலைப்பு செய்யும் கிளினிக்குகள் ஏறத்தாழ 800.

ஆசிரியை மிகப் பெருமையாகக் காட்டியது ஸ்கேன் அறையை அல்ல, கடைசி அறையை. தரையிலிருந்து கூரைவரை அலமாரி. புதிதாகப் பிறந்தது, மூன்று மாதம், ஆறு மாதம் என்று சீட்டு ஒட்டிய பெட்டிகளில் துவைத்து மடித்த துணி. ஒரு பெட்டி முழுக்க ஒற்றைச் சாக்ஸ். ஜோடி எப்படியும் ஒருநாள் வந்து சேரும் என்று தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார். ஒரு சுவர் முழுக்க டயப்பர் கட்டுகள். அவற்றைச் சும்மா கொடுப்பதில்லை. குழந்தை வளர்ப்பு வகுப்புக்கு வந்தால் புள்ளி, கணவனைக் கூட்டிவந்தால் கூடுதல் புள்ளி, புள்ளிக்கு டயப்பர். வகுப்புகளில் சிலது பைபிள் வகுப்பு.

"உணவுக் கூப்பனில் டயப்பர் வாங்க முடியாது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அரசின் உணவு உதவித் திட்டத்திலும் வாங்க முடியாது, தாய்சேய் ஊட்டச்சத்துத் திட்டத்திலும் முடியாது. மாதம் எண்பது, நூறு டாலர். டயப்பர் கொண்டுவராத பிள்ளையைக் காப்பகத்தில் விட முடியாது, விடாமல் தாய் வேலைக்குப் போக முடியாது. "முதலில் ஸ்கேனுக்கு வருகிறவர்கள் ஒருமுறை வருகிறார்கள். டயப்பருக்கு வருகிறவர்கள் இரண்டு வருடம் வருகிறார்கள்" என்றார். அக்காவின் கேள்விக்கு விடை எனக்கு அந்த அறையில்தான் கிடைத்தது.

பணம் எங்கிருந்து என்றேன். மூலையிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தார். காலிப் பால்புட்டிகள். வருடம் ஒருமுறை சுற்று வட்டாரச் சர்ச்சுகளில் வீட்டுக்கொன்றாகக் கொடுப்பார்களாம். சில்லறையும் நோட்டுமாக நிரப்பித் திருப்பிக் கொடுப்பார்கள். எங்கள் ஊர்ச் சபையில் பெண்கள் சமைக்கும் முன் ஒதுக்கிவைக்கும் பிடி அரிசிக் காணிக்கை போலத்தான். அப்படிச் சேர்ந்த காசில் பள்ளிக்கூடமும் மிஷன் ஆஸ்பத்திரியும் நடந்த ஊரிலிருந்து வந்தவள், சில்லறை என்று இதை ஏளனமாகப் பார்க்க என்னால் முடியாது.

ஆனால் பால்புட்டி மட்டும் இந்தக் காட்டை வளர்க்கவில்லை. 1996இல் அமெரிக்கா ஏழைக் குடும்பங்களுக்கு நேராகப் பணம் கொடுக்கும் பழைய திட்டத்தை மூடிவிட்டு, மாநிலங்களுக்கு மொத்தமாக நிதி கொடுத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. அந்த நிதியிலிருந்து இத்தகைய மையங்களுக்கு ஒதுக்கப் பல மாநிலங்கள் கற்றுக்கொண்டன. பென்சில்வேனியா வழிகாட்டியது. ஓஹையோ 2013இல் சேர்ந்தது. டெக்சாஸ் 2005இல் தொடங்கியது, 2023இல் இரண்டு வருடத்துக்கு 14 கோடி டாலர் ஒதுக்கியது. தாயின் கைக்குப் போயிருக்க வேண்டிய பணம், அவள் வகுப்பில் உட்கார்ந்து புள்ளி சேர்த்தால் டயப்பராக வருகிறது. எங்கள் தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கும். தவணைக்கு அலைய வேண்டியிருக்கும், ஆனால் அதற்காக யாரும் ஜெபிக்கச் சொல்ல மாட்டார்கள். ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "உங்கள் அரசு அதிர்ஷ்டம் செய்தது" என்றார். கிண்டலா என்று தெரியவில்லை.

மருத்துவர்களின் குறை வேறு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் இந்த மையங்களைக் கடுமையாகவே விமர்சிக்கிறது. கிளினிக் போல வெளியே தெரிந்துவிட்டு, கருக்கலைப்பின் ஆபத்துகளை மிகைப்படுத்துகிறார்கள், சிலவற்றில் தகுதியுள்ள மருத்துவ ஊழியரே இருப்பதில்லை என்பது அவர்கள் வாதம். கலிபோர்னியா 2015இல் ஒரு சட்டம் போட்டது. உரிமம் உள்ள மையங்கள், மாநிலத்தில் கருக்கலைப்பு உள்ளிட்ட சேவைகள் குறைந்த செலவில் கிடைக்கும் என்று எழுதி ஒட்ட வேண்டும். உரிமம் இல்லாதவை, எங்களிடம் மருத்துவ உரிமம் இல்லை என்று எழுத வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018இல் 5க்கு 4 என்ற கணக்கில் இரண்டையும் நிறுத்தியது. முதல் பாதியில் தீர்ப்பு எனக்குப் புரிகிறது. ஒருவர் பாவம் என்று நம்புவதற்கு அவர் வாசலிலேயே அவரைக் கொண்டு விளம்பரம் எழுத வைப்பது சரியல்ல. இரண்டாம் பாதி எனக்கு ஒப்பவில்லை. டாக்டர் இல்லாத இடத்தில் டாக்டர் இல்லை என்று எழுதுவதில் எந்த விசுவாசத்துக்கு என்ன குறை வந்துவிடும்?

கொலம்பஸ் மாநிலத் தலைநகர். டொலீடோவில் தொடங்கிய வலை 1993இல் ஹார்ட்பீட் இன்டர்நேஷனல் என்று பெயர் மாறி இங்கே தலைமையகம் கொண்டது. பெயரை மாற்றியவர் பெகி ஹார்ட்ஷார்ன். ஆங்கிலப் பேராசிரியையாக இருந்தவர், 1980களின் தொடக்கத்திலேயே இந்த ஊரில் மையம் திறந்தவர். நாள் முழுவதும் எடுக்கும் உதவித் தொலைபேசி, உலகெங்கும் இணைப்பு மையங்கள், மாநாடுகள், பயிற்சிப் புத்தகங்கள் என்று இன்று அது பெரிய நிர்வாகம். 2023 நவம்பரில் ஓஹையோ மக்கள் ஏறத்தாழ 57 சதவீத வாக்கில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்தில் எழுதிவிட்டார்கள். அந்த ஊழியம் அதனால் சுருங்கியதாக எனக்குத் தெரியவில்லை. வாக்களித்த அதே வீடுகளில் சில பால்புட்டியையும் நிரப்பியிருக்கக்கூடும்.

என் சொந்தக்காரர் வீடு டப்ளின் என்ற புறநகரில். தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நிறைந்த தெரு. கணவருக்கு வேலை போனபோது மனைவி மூன்று மாதக் கர்ப்பம். கம்பெனி இன்சூரன்ஸும் வேலையோடு போயிற்று. யாரோ சொல்லி, இலவச ஸ்கேன் என்று ஒரு மையத்துக்குப் போயிருக்கிறாள். இரவு பாத்திரம் கழுவியபடி கதை சொன்னாள்.

"ரொம்ப நல்லவங்கக்கா. கையப் பிடிச்சு ஜெபம் பண்ணாங்க. நானும் ஆமென்னு சொல்லிட்டேன், அம்மனுக்குத் தெரியாமலா போயிடும். ஸ்கேன் பாத்து எல்லாம் நல்லாருக்குன்னாங்க. நான் அதோட நிம்மதியா இருந்துட்டேன். அப்புறம் இவருக்கு வேலை கிடைச்சு டாக்டர்ட்ட போனா, இது முழு ஸ்கேன் இல்லம்மா, கர்ப்பப்பைலதான் இருக்கா, துடிப்பு இருக்கா, எத்தனை வாரம், அவ்வளவுதான் பாத்திருக்காங்க, குறை ஏதாச்சும் இருக்கான்னு பாக்கலைன்னு சொன்னாரு. பேப்பர எடுத்துப் பாத்தா கீழ சின்ன எழுத்துல எழுதித்தான் இருக்கு."

கோபமா என்று கேட்டேன். யோசித்தாள்.

"எதுக்குக் கோபம்? வீட்ல காசில்லாதப்ப அவங்கதானே டயப்பர் கொடுத்தாங்க. நாம வாங்கிட்டு சும்மா இருக்கக் கூடாதுன்னு, துணி மடிக்கவாவது வரேன்னு கேட்டேன். ஃபார்ம் கொடுத்தாங்க. மூணாம் பக்கத்துல, இயேசுதான் என் ரட்சகர்னு நம்புறேன்னு கையெழுத்துப் போடணும். அங்க மட்டும் என்னால முடியலக்கா. பாப்பாவோட பழைய துணிய மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க."